கிடுகுக்குள்ளால் போன வார்

மருதமுனை முழுவதற்கும் மரச்சாமான் உருட்டிக் கடைகிற கடைச்சல் மரம் ஒன்றுதான் இருந்தது. அது நின்ற வளவு உதுமாலெவ்வையுடையதல்ல. கலியாணம் முடித்து அவர் அங்கே வந்தபோது அது மாமியாரின் வளவு. பிறகு மனைவி சபியா உம்மாவின் பேரில் காணி உறுதி எழுதினார்கள். இப்போது மகள் முனவ்வறாவுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. அந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணோடு போகும். மகளுக்குக் கலியாணம் முடிந்த அன்றைக்கே தாயும் தகப்பனும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்புறத்துக் குசினிப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். எல்லாரும் செய்வதைத்தான் உதுமாலெவ்வையும் செய்தார். தான் நட்டு வைத்த கடைச்சல் மரத்துக்குக் கீழே இருக்கிற மண் ஒரு நாளும் தன்னுடையதாய் இருந்ததில்லை என்பது அதுவரை அவர் நினைவில் தட்டியதேயில்லை.

கடைச்சல் ஒற்றையாள் வேலையல்ல. மண்ணில் ஆழ நட்ட இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உருளை கிடக்கும். உருளையில் எருமைத்தோல் வார் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். ஒருவர் எதிரே குந்தி, வாரின் இரண்டு நுனியையும் மாறிமாறி இழுக்க, உருளை முன்னும் பின்னுமாய்ச் சுழலும். தன் பக்கம் சுழலும்போது உளியைக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுழலும்போது எடுத்துவிட வேண்டும். இழுக்கிற கையும் வெட்டுகிற கையும் ஒரே மூச்சில் போகாவிட்டால் சாமான் பிளந்துவிடும். கலியாணம் முடித்த வருஷத்திலிருந்து வார் இழுத்தவள் சபியா உம்மா. முனவ்வறா வயிற்றில் இருந்தபோதும் இழுத்தாள். தறிக்காரருக்கு நூல் சுற்றும் தார்க்கட்டை, கட்டில் கால், தொட்டில் கம்பு, தயிர் கடையும் மத்து, எல்லாம் அப்படி உருண்டு வந்தவைதான். வேலை நேரத்தில் இருவரும் அதிகம் கதைப்பதில்லை. அவர் தொண்டையைச் செருமினால் அவள் மெதுவாக்குவாள். அவளுடைய வளையல் சத்தம் மாறினால் தோள் கடுக்கிறது என்று அவருக்குத் தெரியும். உளியைத் தீட்டுகிற சாட்டில் நிறுத்துவார்.

மாப்பிள்ளை றவூப் சாய்ந்தமருதுக்காரர். கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கல்லோயா அணைத் திட்டத்துக்குச் சாமான் ஏற்றிய லொறிகள் கடைத்தெருவைப் புழுதியாக்கிக்கொண்டு போன காலம் அது. கந்தோர் மாப்பிள்ளைக்கு ஊரில் தனி மதிப்பு. கலியாணத்துக்கு முதல் அவருடைய உம்மா றுகையா வீடு பார்க்க வந்தாள். அறை அறையாய்ப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு முற்றத்துக்கு வந்தவள் கடைச்சல் மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வீடு நல்லம். தண்ணியும் நல்லம். இந்த மையத்துத் தூக்கிற சந்தூக்குக் காலத்தான் என்னத்துக்கு முத்தத்துல நட்டு வெச்சிரிக்கிங்க?"

"அது எங்கட சீவியம், சம்மந்தி" என்றாள் சபியா உம்மா.

"சீவியந்தான், நான் இல்லையெண்டா சொன்னன்? எண்டாலும் நாளைக்கு என்ட மகனப் பாக்கக் கந்தோர் ஆக்கள் வருவாங்க. அவருட மாமி முத்தத்துல குந்திக்கிட்டு வார் இழுக்கிறா எண்டு கதைச்சா ஆருக்குக் கொறச்சல்? புடுங்கிப் போட்டா வளவும் வெளிச்சாப் போகும்."

உதுமாலெவ்வை சிரித்துக்கொண்டு சொன்னார்: "மகனுக்கு இந்த மரத்துல ஒரு பேனை கடைஞ்சு குடுப்பன் சம்மந்தி. கந்தோருக்கு அதக் கொண்டு போகட்டும்."

"பேனையா? கப்பல்ல வாற சாமான்தானே அது? நீங்க மத்துக் கடையிற மரத்துலயா?"

"மத்தும் உருண்டைதான், பேனையும் உருண்டைதான்."

றுகையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பேச்சு அன்றைக்கு நின்றது.

அவர் சும்மா சொல்லவில்லை. கல்முனையில் கொப்பியும் மையும் பேனையும் விற்கிற கனகரெத்தினம் முதலாளி, உடைந்த பேனைகளைப் பொட்டலமாய்க் கட்டி, இவர் அனுப்புகிற ஆளிடம் கொடுத்துவிடுவது வழக்கம். றப்பரைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கோல்களும் கூட வரும். அதில் மூடியும் உடலும் கடைந்து, பித்தளை அச்சால் மரை வெட்டிக் கொடுத்துக் கொடுத்து உதுமாலெவ்வைக்குப் பேனையின் குடல்வரை பழக்கம். முழுப் பேனை ஒன்றை மட்டும் அதுவரை செய்ததில்லை. இதைச் செய்து கொடுத்தால், மரத்தின் அருமை மருமகனுக்கு விளங்கும், தாய் என்ன சொன்னாலும் மகன் மரத்தில் கை வைக்க விடமாட்டார் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

கலியாணக் கட்டிலுக்குக் கால் கடையவே நாள் போய்விட்டது. பேனைக்கு மிச்சம் வைத்த இரண்டு கோல்களும் சாக்குக்குள் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. புது மாப்பிள்ளையின் கண்ணில் மாமி படக்கூடாது. சமைக்கலாம், மகள் கையில் கொடுத்து அனுப்பலாம், கதைக்கிறதென்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். முதல் பிள்ளை பிறக்கும் மட்டும் இதுதான் ஒழுங்கு. மாப்பிள்ளை படுக்கிற அறையின் யன்னலோ கடைச்சல் மரத்துக்கு நேரே திறந்து கிடந்தது. கலியாண லீவில் நின்ற றவூப் அந்த யன்னலடியில் கதிரை போட்டுக் கடுதாசி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யிற?" என்று உதுமாலெவ்வை குசினி வாசலில் குந்தினார்.

சபியா உம்மா மாப்பிள்ளைக்கு இறால் வதக்கிக்கொண்டிருந்தாள். தங்கள் இருவருக்கும் சுட்ட கருவாடும் சொதியும் மூடியிருந்தது. "றஸாக்கக் கூப்பிடுங்க. அவன்ட தோளுக்கு என்ன?"

றஸாக் அவளுடைய தம்பி, கரைவலைக்காரன். வந்தான், சாறனை மடித்துக் கட்டினான், வாரின் நுனிகளைக் கையில் சுற்றினான். உதுமாலெவ்வை கறுப்புக் கோலை அரக்கு வைத்து உருளையில் ஒட்டி, உளியை எடுத்தார்.

"மெல்ல இழு, மச்சான்."

"மெல்லத்தான்." அவன் 'ஏலேலோ' என்று ஒரு இழுவை இழுத்தான். மரம் முழுவதும் ஆடியது.

"டேய்! இது வல இல்ல! கரையில ஏத்திறதுக்கு இதுக்குள்ள மீனா கிடக்கு?"

"அப்ப எப்பிடி இழுக்கச் சொல்றீங்க? லாத்தா இழுக்கக்குள்ள பாத்துக்கிட்டா இரிந்தன்?"

"இழு, உடு. இழு, உடு. உடுறதுதான் வேல. இழுக்கிறது ஆருக்கும் ஏலும்."

"உடுறதுக்கும் ஒரு கூலியா? கடல்ல உட்டா வலையோட போகும் மச்சான்" என்று சிரித்துக்கொண்டே இழுத்தான். உளி சுழற்சிக்கு எதிரே மாட்டி, கோல் நடுவால் படீரென்று முறிந்து அவர் நெற்றியில் பட்டது. யன்னலுக்குள் றவூப் எழுந்து நிற்பது தெரிந்தது. குசினிக்குள்ளிருந்து ஒரு 'அல்லாஹ்' கேட்டது.

மிஞ்சியது ஒரு கோல். றஸாக் தலையைச் சொறிந்துகொண்டு கடலுக்குப் போய்விட்டான். அன்று பின்னேரம் முழுக்க உதுமாலெவ்வை குசினியடியில் முறிந்த கோலின் துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று அடித்துக் கூரையில் வேய்ந்த தென்னோலைக் கிடுகெல்லாம் சலசலத்தது. புழுதி வந்து சோற்றுப் பானையில் விழாமல் மூடியவாறே சபியா உம்மா சொன்னாள்:

"வார நீளமாக்கி இஞ்சால உடுங்க."

"எங்கால?"

"இந்தக் கிடுகுக்குள்ளால. ரெண்டு ஓட்ட போட்டா நான் குசினிக்குள்ள இரிந்து இழுப்பன். அவரு காணமாட்டாரு."

"பைத்தியமா புள்ள உனக்கு? நீ உளியக் காணமாட்டாய்."

"இவ்வளவு காலமும் உளியப் பாத்தா இழுத்தன்? செருமுங்க, போதும்."

அடுத்த நாள் விடியவே அவர் வாருக்கு ஒட்டுப் போட்டார். குசினிச் சுவர்க் கிடுகில் இரண்டு ஓட்டை குத்தி, நுனிகளை உள்ளே விட்டார். வார் நீண்டதால் இழுப்புக் கனத்தது. கிடுகின் ஈர்க்கு வாரைக் கடித்தது. ஆனால் முதல் இழுப்பிலேயே உருளை பழையபடி மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. உதுமாலெவ்வை கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் கேட்டார். அவளேதான். வேறு யாருக்கும் அப்படி விடத் தெரியாது.

உளி பட்டதும் கோலிலிருந்து கறுப்புச் சுருள்கள் மயிர் மயிராய்ச் சுழன்று விழுந்தன. கருகிய றப்பர் நெடி வளவெல்லாம் பரவியது. உடலைத் துளைத்து மை நிற்கிற குழி எடுத்தார். கோல் சூடேறினால் இளகிவிடும். அதனால் ஈரச்சீலையால் தொட்டுத் தொட்டு வெட்ட வேண்டும். உடல் முடிந்து கழுத்துக்கு வந்தபோது யன்னலடியில் இருந்தவர் வெளியே வந்து நின்றார்.

"மாமா, நிண்டு பாக்கலாமா?"

"பாருங்க மகன், பாருங்க. கண்ணுல தூசி படாமத் தள்ளி நில்லுங்க."

"வார் உள்ளுக்குப் போகுது. ஆரு இழுக்கிற?"

உதுமாலெவ்வை செருமினார். உருளை மெதுவானது. "ஒரு ஆள் மகன். வெயிலுக்குள்ள இரிக்க ஏலாத ஆள்."

"கெட்டிக்காரன். ஒரு சத்தம் போடாம என்ன சீரா இழுக்கிறான்!"

"ஓம். பழகின கை."

றவூப் அன்று காலை முழுக்க அசையவில்லை. மரை எப்படி வெட்டுகிறது, நிப்புக்குக் கீழே இருக்கிற நாக்கில் ஏன் அந்தக் கீறல், காற்று எங்கால போகிறது என்று பிள்ளைபோல் கேட்டுக்கொண்டே நின்றார். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் நகர்ந்தார். "நான் இதெல்லாம் ஏதோ பெரிய பக்டறிக்குள்ளதான் செய்யிற எண்டு நினைச்சன் மாமா" என்றார். உதுமாலெவ்வைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பகல் சாப்பாட்டுக்குக் குசினிக்குள் குனிந்து வந்தவர், "மரம் தப்பிட்டுது புள்ள" என்று காதோடு சொன்னார். அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "சோத்தப் போட்டுச் சாப்பிடுங்க, எனக்குக் கை சரியில்ல" என்று மட்டும் சொன்னாள். பிசைய ஏலாமல் அவள் கரண்டியால் தின்றதை அவர் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் பேனை முடிந்தமாதிரித்தான். சொரசொரத்த பிராய் இலையால் தேய்த்து, சாம்பலும் தேங்காயெண்ணெயும் பூசித் துடைத்ததும் புதுமழையில் நனைந்த எருமைக் கன்றுபோல மின்னியது. ஒன்றுதான் மிச்சம். மூடி வந்து உட்காருகிற விளிம்பு மயிரளவு உயர்ந்திருந்தது. மூடி கடைசிச் சுற்றுக்கு இறங்கவில்லை. வெற்றிலை ஒன்று மெல்லுகிற நேரத்து வேலை. வெளிச்சம் மங்கியதால் நாளைக் காலை ஒருதரம் உளி காட்டலாம் என்று அவர் நினைத்தார்.

றவூப்புக்குப் பொறுக்கவில்லை. "தாங்க மாமா, ஒருக்கா எழுதிப் பாப்பம்" என்று வாங்கி, மை ஊற்றி, நிப்பைத் தட்டி, கடுதாசியில் தன் பெயரை எழுதினார். பிறகு முனவ்வறாவின் பெயரை எழுதினார். மை நூல்போல ஓடியது. "மாமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் கந்தோரில ஆரும் நம்பமாட்டாங்க."

"மகன், அந்த மூடி மட்டும் இன்னும் ஒரு..."

"இரிங்க வாறன். உள்ளுக்கு இரிக்கிற அந்த மனிசனுக்கும் ஒரு சலாம் சொல்லணும்."

உதுமாலெவ்வை எழும்ப முந்தி, நல்ல மனமுள்ள அந்த இளந்தாரி குசினிக்குப் பின்பக்கமாய்ச் சுற்றிப் போய்விட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சந்தோஷமாய்க் குனிந்து உள்ளே பார்த்தார்.

சபியா உம்மா சுவரோடு காலை உதைத்துக் குந்தியிருந்தாள். வார் இன்னும் கையில் சுற்றியிருந்தது. முக்காட்டை இழுக்கக் கை வரவில்லை. வாரை உதறினாள், அது ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, துணி சுற்றிய இடமெல்லாம் சிவந்திருந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

றவூப் திரும்பி வந்தார். நேரே அறைக்குள் போய்விட்டார். இராச் சோறு வைத்தபடி கிடந்தது. காலையில், புதுச்சேட்டுப் பையில் பேனையைச் செருகிக்கொண்டு, கந்தோருக்குப் புறப்படுமுன் அவர் உதுமாலெவ்வைக்கு முன்னால் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"மாமா, எனக்கு நித்திர வரல்ல. ஒரு பேனைக்காக மாமிட கை..."

"அது ஒண்டுமில்ல மகன். கிடுகுல உரசினது. முத்தத்துல இரிந்து இழுத்தா இப்பிடி வராது. எந்த நாளும் செய்யிறதுதானே."

"எந்த நாளும் செய்யிற எண்டு சொல்லாதீங்க மாமா, அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கி. என்ட உம்மா சொல்லக்குள்ள நான் அவவோட சண்ட புடிச்சன், மாமாட தொழில் மாமாட விருப்பம் எண்டு. இனி என்னால அப்பிடிச் சொல்ல ஏலாது. நான் உழைக்கிறன். நீங்க ரெண்டு பேரும் இரிந்து சாப்பிடுங்க. இந்த மரம் வேணாம்."

"மகன், சும்மா இரிந்தா எங்களுக்கு..."

கதவுக்குப் பக்கத்தில் நின்ற முனவ்வறா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "வாப்பா, அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு. என்ட வீட்டுல உம்மா இனி வார் இழுக்கத் தேவல்ல."

அவள் அதை அன்பாய்த்தான் சொன்னாள். தாயின் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசியதும் அவள்தான். உதுமாலெவ்வைக்குக் கோபம் வந்திருந்தால் நல்லது. யார்மேல் கோபிப்பது? திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். விரட்டியிருந்தால் போகமாட்டேன் என்று நிற்கலாம். உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்கிறவரிடம் எதைச் சொல்லி மல்லுக்கு நிற்பது? குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே சபியா உம்மா இருமவுமில்லை, செருமவுமில்லை.

"ஓம் மகன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றஸாக் கட்டைகளைக் கெல்ல இரும்பு அலவாங்கோடு வந்தான். அவனும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கட்டை இரண்டும் லேசில் அசையவில்லை. வேர்விட்டதுபோல மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிடுங்கியதும் ஒரு தறிக்காரர் மாடு கட்ட வேண்டுமென்று தூக்கிப் போனார். உருளை அடுப்புக்குப் போனது. வாரைத் துண்டு துண்டாய் வெட்டி றஸாக் தோணித் துடுப்புக்குக் கட்டினான். குழி இரண்டையும் உதுமாலெவ்வைதான் மண்வெட்டியால் மூடினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குறையுமில்லை. மருமகன் சொன்ன சொல் தவறவில்லை. கருவாட்டுக்குப் பதில் அவர்களுக்கும் பாரைமீன் துண்டு வந்தது. தறிக்காரர் தார்க்கட்டைக்கு வந்து, வெறும் முற்றத்தைப் பார்த்து, "கொடுத்து வெச்சவன்டா நீ" என்று சொல்லிப் போனார்கள். சபியா உம்மாவின் கை ஆறியது. காய்ப்பு உதிர்ந்து உள்ளங்கை சின்னப்பிள்ளைக் கைபோல் மெத்தென்று ஆனது. அக்கம்பக்கத்துப் பெண்டுகள் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். பகலில் அவரும் அவளும் குசினித் தாவாரத்தில் எதிரெதிரே இருந்தார்கள். சேர்ந்து செய்ய ஒன்றுமில்லாமல் போனதும் கதைக்கவும் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஒரு நாள் அவர் சளிக்காகச் செருமினார். அவள் கை இரண்டும் மடியிலிருந்து சட்டென்று எழும்பி, பிறகு மெல்ல இறங்கின. அதற்குப் பிறகு அவர் செருமுவதையும் விட்டுவிட்டார்.

மாரி தொடங்கி ஒரு பின்னேரம், குடையும் சைக்கிளுமாய்க் கனகரெத்தினம் முதலாளி நனைந்துகொண்டு பின்பக்கக் கடப்பு வாசலால் வந்தார்.

"காக்கா, என்ன, ஆளையே காணல்ல? பொட்டலம் எடுக்க ஒருத்தரும் வரல்ல. கடைசியில நானே வந்திட்டன்."

"வாங்க முதலாளி, இரிங்க. கோப்பி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"கோப்பி கிடக்கட்டும். இந்தப் பொட்டலத்தில கிடக்கிறதெல்லாம் ஆறுதலாச் செய்யுங்கோ. இது ஒண்டு மட்டும் சுறுக்கா வேணும்." அவர் மடியிலிருந்து, மழை படாமல் சுற்றிய வேறொரு சின்னப் பொதியை எடுத்து விரித்தார். "கந்தோரில ஒரு தம்பி தந்தவர். மூடி கடைசிவரை இறங்குதில்லையாம். சேட்டெல்லாம் மை. கந்தோரில பகிடி பண்றாங்களாம். புதுசு ஒண்டு காட்டினன், தொடவும் இல்ல. 'இதத் தந்த ஆளுக்குத் தெரியாமத் திருத்தித் தாங்க, தெரிஞ்சா மனம் நோகும்' எண்டார். எவ்வளவு நல்ல பொடியன் பாருங்கோ. நான் சொன்னன், இந்தப் பகுதியில இதுக்கு ஒரு கைதான் இருக்கு, ரெண்டு நாளில எடுத்துத் தாறன் எண்டு. உங்கட பேர் சொல்லல்ல."

உதுமாலெவ்வை பேனையைக் கையில் வாங்கினார்.

"இந்தியாவில செஞ்சதாக்கும்" என்றார் கனகரெத்தினம். "எப்பிடி வேலை! இந்த விளிம்புல மட்டும் மயிரளவு கூடிப்போச்சு. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை."

"ஓம்" என்றார் உதுமாலெவ்வை. பெருவிரல் தானாய் அந்த விளிம்பைத் தடவியது. குசினிக்குள் அரிசி புடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"எப்ப வந்து எடுக்க?"

கனகரெத்தினம் அப்போதுதான் தலையை எட்டி மழைக்குள்ளால் முற்றத்தைப் பார்த்தார். ஒருதரம் பார்த்துவிட்டு, இடம் பிழைத்ததுபோல மறுபடியும் பார்த்தார்.

"மரம் எங்க, காக்கா?"

உதுமாலெவ்வை வாயைத் திறந்தார். கடப்படியில் சைக்கிள் மணி கேட்டது. அவர் பேனையைச் சட்டென்று சாறன் மடிக்குள் செருகிக்கொண்டார். றவூப் நனைந்து வந்து தாவாரத்தில் ஏறினார். சேட்டுப் பையில் பழைய மைக்கறை நனைந்து உள்ளங்கையளவு நீலமாய்ப் படர்ந்திருந்தது. கனகரெத்தினத்தைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. கனகரெத்தினம் அந்த நீலத்தைப் பார்த்தார், வெறும் முற்றத்தைப் பார்த்தார், உதுமாலெவ்வையின் மடியைப் பார்த்தார். குடையை விரிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

றவூப் ஒரு கையால் பையை மறைத்தார்.

"மழ உடாது போல மாமா" என்றார்.

"ஓம் மகன்" என்றார் உதுமாலெவ்வை. "இது உடாது."